உழவு இயந்திரமும் உடைமையும்

கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களுக்கு அண்மையில், எங்கள் குடும்பத்துக்குரிய மேட்டுக்காணி ஒன்றுண்டு. அங்குள்ள புளியமரத்தின் கீழ் ஓர் உழவு இயந்திரம் நிற்கிறது. மசி பேர்கசன் 35 என்னும் வகையைச் சேர்ந்தது அது. ஒரு காலத்தில் சிவப்பாயிருந்த அதன் தகடு இன்று மண்ணின் நிறத்தை அடைந்துவிட்டது. பின் சில்லுகளில் றப்பர் இல்லை. எரிபொருட் பம்பியை யாரோ கழற்றிச் சென்றுவிட்டனர். இருக்கையின் கீழே குளவி கூடு கட்டியிருக்கிறது. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் அது ஓடவேயில்லை.

எனினும் அது எங்கள் உடைமை. பதிவுப் புத்தகத்தில் எங்கள் பேரனாரின் பெயர் இருக்கிறது. பழைய இரும்பு வாங்குவோர் அடிக்கடி வந்து விலை பேசிப் போகின்றனர். விற்றுவிடலாம் என்பர் குடும்பத்தில் ஒரு சாரார். பேரனாரின் நினைவாக அது அங்கேயே நிற்கட்டும் என்பர் இன்னொரு சாரார். திருத்தி ஓட்டிப் பார்க்கலாம் என்பர் இளையோர். இம்மூன்று கருத்துக்களும் அடிப்படையான கேள்வியொன்றைத் தொடாமலே கடந்து செல்கின்றன. உற்பத்திக் கருவி ஒன்று எமக்கு உடைமையாயிருக்கிறது என்று சொல்லும்போது நாம் உண்மையில் எதனைச் சொல்கிறோம்? இதற்கு விடை காண வேண்டுமாயின் அந்தத் துருப்பிடித்த இரும்பின் வரலாற்றை நாம் சற்று ஆராய்தல் வேண்டும்.

இயந்திரம் வருவதற்கு முன்னர் வன்னியிலும் மட்டக்களப்பிலும் எருமைகளே வயலை மிதித்துச் சேறாக்கின. களத்திலே மாடுகள் சூடு மிதித்தன. விதைப்பிலும் அறுவடையிலும் அயலவர் ஒருவருக்கொருவர் கைமாறாக உழைத்தனர். ஏர்ப்பாட்டும் பொலிப்பாட்டும் அவ்வுழைப்பின் மூச்சோடு பிறந்தவை. இதனைக் கொண்டு அக்காலம் பொற்காலம் என்று பாடுவோரோடு நாம் உடன்படவில்லை. காணியற்றவன் வாரத்துக்கு உழுது விளைவின் பெரும்பகுதியை மற்றொருவனின் வாசலில் இறக்கினான். சாதியின் பெயரால் உழைப்பு வாங்கப்பட்டது. எருமைப் பட்டி வைத்திருந்தவன் அன்றும் ஊரில் பெரியவனாகவே இருந்தான். ஆயினும் ஓர் உண்மையை நாம் மறுத்தலாகாது. எருமை ஊர்ப் புல்லைத் தின்றது. பாலும் எருவும் தந்தது. தன் இடத்துக்குக் கன்றை ஈன்றுவிட்டே ஓய்ந்தது. உழவின் வலுவும் அந்த வலுவின் வாரிசும் ஊரிலேயே பிறந்தன.

எங்கள் புளியமரத்தடி இயந்திரமோ வேறொரு மண்ணில் பிறந்தது. அயர்லாந்தின் வடபுலத்தில் ஒரு கமக்காரரின் மகனாய் 1884இல் பிறந்த ஹரி பேர்கசன், உழவு இயந்திரத்தின் வரலாற்றில் பெரியதொரு மாற்றத்தைச் செய்தவர். அதுவரை கலப்பை, வண்டியின் பின்னால் மாடு இழுப்பதுபோல் இழுக்கப்பட்டு வந்தது. அவரோ கலப்பையை மூன்று இடங்களில் இயந்திரத்தோடு பிணைத்து, எண்ணெய் அமுக்கத்தினால் அதனை உயர்த்தவும் தாழ்த்தவும் வழிசெய்தார். கலப்பையின் சுமையும் மண்ணின் இழுவையும் பின் சில்லுகளின் மேல் அழுந்தின. அதனால் பாரம் குறைந்த சிறிய இயந்திரமும் பெரிய இயந்திரத்தின் வேலையைச் செய்ய முடிந்தது. இங்கிலாந்தின் கொவன்றி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட அவரது சாம்பல்நிற இயந்திரங்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை. 1953இல் அவரது கம்பனி கனடாவின் மசி ஹரிஸ் கம்பனியோடு இணைந்தது. 35 என்னும் வகை அவ்விணைப்பின் பின்னர் வந்தது. சிறு கமக்காரனின் முதுகை நிமிர்த்தும் கருவி என்றே அது விளம்பரப்படுத்தப்பட்டது. அதனைச் செய்த தொழிலாளரின் திறமையில் எமக்குப் பெருமதிப்பு உண்டு. அக்கொவன்றி ஆலையும் இந்நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் மூடப்பட்டது. அங்கு உழைத்தோர்க்கும் ஆலை உடைமையாயிருக்கவில்லை.

இக்கருவி எமது நாட்டுக்கு எவ்வாறு வந்தது? 1948இன் பின்னர் ஆட்சிக்கு வந்தோர் அனைவரையும் வாட்டிய பிரச்சினை அரிசியே. தேயிலையும் றப்பரும் தெங்கும் விற்று அரிசி வாங்கும் பொருளாதாரத்தைக் குடியேற்ற ஆட்சி எமக்கு விட்டுச் சென்றது. 1952இல் சீனாவோடு செய்யப்பட்ட றப்பர் - அரிசி ஒப்பந்தமும், அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட்டதை எதிர்த்து 1953 ஆகஸ்ட் 12ஆந் திகதி எழுந்த ஹர்த்தாலும் இப்பிரச்சினையின் இரு முகங்கள். உள்நாட்டில் நெல்லைப் பெருக்குவதே வழி என்று கண்டோர், காடு வெட்டிக் குடியேற்றங்களை அமைத்தனர். உத்தரவாத விலைக்கு நெல்லை வாங்கினர். இயந்திர உழவை ஊக்குவித்தனர். பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்கு உழும் காணியில் பாதுகாப்பு அளிக்க முயன்றது. ஆனால் உழும் கருவி யாருடையது என்னும் கேள்விக்கு அச்சட்டத்திடம் விடை இருக்கவில்லை.

எங்கள் பேரனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர். 1962இல் அவர் கடன்பட்டு இவ்வியந்திரத்தை வாங்கியபோது அவரிடம் ஏழு ஏக்கர் வயல் இருந்தது. ஏழு ஏக்கரை அது சில நாட்களிலே உழுது முடித்துவிடும். கடனோ ஆண்டு முழுவதும் வட்டியோடு வளரும். ஆகவே அயலவரின் வயல்களையும் கூலிக்கு உழவேண்டியதாயிற்று. பெரும்போகத்தில் உழவு, அறுவடையில் சூடடிப்பு, எஞ்சிய நாட்களில் இழுவைப் பெட்டியில் மணலும் மரமும் நெல்லும் ஏற்றுதல் என்று அதன் தொழில் விரிந்தது. தம் முதுகை நிமிர்த்த வாங்கிய கருவி, சில ஆண்டுகளுக்குள், பிறரின் விளைவில் பங்கு கேட்கும் கருவியாயிற்று. உழவுக் கூலியை முன்னே கொடுக்க முடியாதவர் அறுவடையில் நெல்லாகக் கொடுத்தனர். மழை கண்டதும் முதலில் உழப்படுவது யாருடைய வயல் என்பதை எங்கள் வீட்டு விறாந்தையே தீர்மானித்தது. பேரனார் கொடியவர் அல்லர். எனினும் நல்ல மனிதர் ஒருவரின் கையிலிருந்தபோதும் அக்கருவி தனக்குரிய சமுதாய உறவைத் தானே தேடிக்கொண்டது. எருமைப் பட்டிகள் ஊரிலிருந்து மறைந்தன. கைமாறு உழைப்பு குறைந்தது. களத்துப் பாட்டு, இயந்திரத்தின் ஒலியில் அமிழ்ந்தது.

சிறியவனுக்கும் இயந்திரம் கிட்டவேண்டும் என்னும் நோக்கோடு எமது நாட்டவரான றே விஜேவர்த்தன 1950களில் இரு சில்லு உழவு இயந்திரத்தை வடிவமைத்தார். இங்கிலாந்தில் செய்யப்பட்டு வந்த அதன் பெயர், லான்ட்மாஸ்டர் என்று, எந்தக் கம்பனியின் இரு சில்லு இயந்திரத்துக்கும் எமது ஊர்களில் இன்று வரை வழங்கி வருகிறது. அதனை ஆக்கியவரே பிற்காலத்தில் இயந்திர உழவின் பயனைப் பற்றிக் கடுமையான ஐயங்களை எழுப்பினார் என்பது சிந்தனைக்குரியது.

இனி, பதிவுப் புத்தகத்தில் பெயரில்லாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1977 ஆகஸ்ட் வன்செயல்களின்போது மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் வன்னியை வந்தடைந்தனர். அவர்களுள் ஓர் இளைஞர் எங்கள் காணியில் வேலைக்கு வந்து, அடுத்த ஆண்டிலேயே இயந்திரத்தின் சாரதியானார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவரது பெற்றோரை நாடற்றோராக்கியிருந்தது. குடியுரிமை அற்றோர்க்குக் குடியேற்றத் திட்டங்களில் காணி இல்லை. எனவே எங்கள் மேட்டுக்காணியின் ஒரு மூலையில், பேரனாரின் வாய்ச்சொல்லை நம்பி, அவர் குடிசை போட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வியந்திரத்தை ஓட்டியவரும், அதன் நோயைச் சத்தத்திலிருந்தே அறிந்தவரும் அவரே. பேரனார் அவரைத் “தம்பி” என்று அழைத்தார். அவர் பேரனாரை “ஐயா” என்றார். அன்பு இருந்தது. நாட்கூலியும் இருந்தது. உறுதிப் பத்திரம் மட்டும் இருக்கவில்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. வடக்குக்கு எரிபொருளும் பசளையும் பற்றரியும் வருவது தடைப்பட்டது. கிடைத்த மண்ணெண்ணெயின் விலையைக் கேட்டு உழுதால் விளையும் நெல் முழுவதும் அதற்கே போதாது. இயந்திரம் நிறுத்தப்பட்டது. நிறுத்திய நாளில் சாரதி நீரை வடித்தார். உருளைகளுக்குள் எண்ணெய் விட்டார். மழைநீர் இறங்காதபடி புகைக்குழாயின் வாயை ஒரு பால்மாப் பேணியால் மூடினார். தடை நீங்கச் சில மாதங்கள் செல்லும் என்றே எல்லோரும் எண்ணினர். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. இந்தத் தடையின்போதுதான் உடைமையின் பொருள் எமக்கு விளங்கியது. இயந்திரம் எம்முடையது, அதன் எரிபொருள் எம்முடையதன்று. பாதையும் எம்முடையதன்று. விலையைத் தீர்மானிக்கும் உரிமையும் எம்முடையதன்று. எருமையை அறியாத ஒரு தலைமுறை அதற்குள் உருவாகியிருந்தமையால், மாற்று வழியும் எளிதில் அகப்படவில்லை.

2008இல் கிளிநொச்சி மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். ஓடக்கூடிய உழவு இயந்திரங்கள் எல்லாம் அன்று வீடுகளைச் சுமந்தன. கூரைத் தகடும் நெல் மூடையும் முதியோரும் குழந்தைகளும் ஒரே பெட்டியில் ஏற்றப்பட்டனர். சாரதி வேறொருவரின் இயந்திரத்தை ஓட்டிச் சென்றார். 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து அவ்வியந்திரமும் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. நாங்கள் மீளக் குடியேறியபோது, ஓட முடியாத இயந்திரம் மாத்திரம், றப்பரும் பம்பியும் இழந்து, புளியின் கீழ் எம்மை எதிர்கொண்டது. பால்மாப் பேணி அதன் இடத்திலேயே இருந்தது.

போருக்குப் பின்னர் இந்திய அரசு வட மாகாணத்துக்கு 500 உழவு இயந்திரங்களை வழங்கியது. குத்தகைக் கம்பனிகளின் கடனில் வாங்கப்பட்டவையும் பல. வயல்கள் மீண்டும் உழப்பட்டன. ஆனால் 2022இல், போரும் தடையும் இல்லாத காலத்தில், அந்நியச் செலாவணி தீர்ந்த நாட்டில் டீசல் இல்லாமற் போயிற்று. சிங்களக் கமக்காரனும் தமிழ்க் கமக்காரனும் முஸ்லிம் கமக்காரனும் கலன்களோடு ஒரே வகை வரிசையில் நின்றனர். 1990இல் வடக்கு மாத்திரம் கற்ற பாடத்தை 2022இல் நாடு முழுவதும் கற்றது. பிறரிடமிருந்தே வலுவைப் பெறவேண்டிய கருவியை வைத்திருப்பவன் அக்கருவிக்கு அரைவாசி உடைமையாளனே.

இதிலிருந்து இயந்திரமே தீது என்று முடிவு கட்டுவோமாயின் தவறிழைத்தவராவோம். நடுப்பகல் வெயிலில் மாட்டின் பின்னால் நடந்தவனுக்கு இயந்திரம் தந்த ஓய்வு பொய்யன்று. அந்த ஓய்வு யாருக்குக் கிடைத்தது, கூலி யாரிடம் சேர்ந்தது, இழந்தவர் யார் என்று கேட்காமல் விட்டதே தவறு. இயந்திரத்தைப் பொதுவில் வைத்து, உழவின் ஒழுங்கைக் கூடித் தீர்மானித்து, மாட்டையும் எருவையும் அழியவிடாது காத்திருந்தால், எங்கள் ஊரின் கதை வேறாக இருந்திருக்கும். கூட்டுறவின் அனுபவம் இல்லாத மக்கள் அல்லர் நாம். கைமாறு உழைப்பை அறிந்திருந்தவர்கள், கைமாறு இயந்திரத்தையும் பழகியிருக்க முடியும்.

அண்மையில் ஒரு திருத்துநரை அழைத்து வந்து காட்டினோம். பேணியை நீக்கி உள்ளே பார்த்தவர், எந்திரம் இறுகிப் போகவில்லை, திருத்தலாம் என்றார். இவ்வகை இயந்திரங்களின் உறவினர் சென்னையில் 1960களிலிருந்து செய்யப்பட்டு வருவதால் உதிரிப் பாகங்களும் கிடைக்கும் என்றார். யார் இதனை இவ்வளவு கவனமாக மூடி வைத்தது என்றும் கேட்டார்.

அக்கேள்வியோடு எங்கள் குடும்பத்தின் விவாதம் திசை மாறியது. அம்மூலையில் இன்றும் சாரதியின் மனைவியும் பிள்ளைகளும் வாழ்கின்றனர். இன்றும் நாட்கூலிக்கே போகின்றனர். இன்றும் அவர்களிடம் உறுதி இல்லை. எனவே வேலையை அங்கிருந்தே தொடங்கியிருக்கிறோம். முதலில் அந்நிலத்தை அவர்கள் பெயருக்கு எழுதும் அலுவல். இயந்திரம் அதன் பின்னர். அது ஓடுமாயின், அயலிலுள்ள சிறு கமக்காரர் கூடி அமைக்கும் ஒழுங்கின்படி, எரிபொருட் செலவுக்கும் சாரதியின் நியாயமான சம்பளத்துக்கும் ஓடவேண்டும் என்பது எமது எண்ணம். குடும்பத்தில் எல்லோரும் இதற்கு இன்னும் இணங்கிவிடவில்லை. பழைய இரும்புக்காரரும் வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ முற்றங்களில் இத்தகைய இயந்திரங்கள் துருவேறி நிற்கின்றன. அவற்றைத் தம் குடும்பத்தின் பெருமையாகக் காட்டும் ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைப் படிப்பவர்களுள் இருப்பர். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. அவ்விரும்பை வாங்கியவரின் பெயரோடு அதனை ஓட்டியவரின் பெயரையும் வீட்டு முதியோரிடம் கேட்டறியுங்கள். அவரின் பிள்ளைகள் இன்று எங்கே, யாருடைய காணியில் வாழ்கின்றனர் என்பதையும் கேளுங்கள்.