மதுரையிலிருந்து கொழும்பு எவ்வளவு தூரம்?

மதுரைக்குப் பக்கம் எது, சென்னையா கொழும்பா? விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். நேர்கோட்டில் சென்னை சுமார் 420 கி.மீ., கொழும்பு 350தான். பறந்தால் ஒரு மணி நேரம்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். கடல்வழி 35 கி.மீ. அளவுதான். கேட்க எளிதா இருக்கு இல்லையா? போறது யாருங்கறதைப் பொறுத்தது அது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை, காலரா, அம்மை பயத்தில் மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்திவைத்துச் சோதித்த பிறகே கப்பலேற்றினார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம்! மண்டபம் வழியா போறவங்க யாரும் இப்போ அதைப் பேசறதில்லை.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 80-களில், போர்க்காலத்தில் நின்றுபோச்சு. அப்புறம் மதுரைக்காரர் கொழும்பு போகணும்னா திருச்சிக்கோ சென்னைக்கோ வடக்கே போய், அங்கிருந்து தெற்கே பறக்கணும். நேரடி விமானம் 2012-ல்தான் வந்தது. மதுரையின் முதல் வெளிநாட்டு விமானமும் அதுதான்.

எங்க பாட்டி இலங்கையை 'அக்கரை'ன்னுதான் சொல்வாங்க. வைகைக்கு அந்தப் பக்கம் இருக்கிற செல்லூரையும் அப்படித்தான் சொல்வாங்க.