மலைக்கு இப்பாலும் அப்பாலும்

நோர்வேயில் நீருக்குக் குறைவில்லை என்றுதான் நாம் எண்ணியிருந்தோம். மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரில் ஆண்டுக்கு 2,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. ஆனால் மலைகளைக் கடந்து உள்நாட்டிலுள்ள ஷோக் பள்ளத்தாக்குக்குப் போனால் 300 மில்லிமீற்றரும் தேறாது. யாழ்ப்பாணத்தில் பெய்வதில் கால்வாசியளவே அது.

காரணம் மலைதான். கடலிலிருந்து வரும் மேல்காற்று மலையேறிக் குளிர்ந்து, தன் ஈரத்தை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. எமது மலைநாட்டின் மேற்கே பொழிந்துவிட்டு, மட்டக்களப்புக்கு வரண்ட கச்சானாக வந்து சேரும் காற்றும் அப்படித்தான்.

ஆயினும், ஈரக்கரை செழித்தது, வரண்ட நிலம் வாடியது என்று சொல்லிவிட முடியாது. பேர்கனைச் சூழ்ந்த நிலத்தில் போதிய தானியம் விளையவில்லை. வடக்கிலிருந்து வந்த கருவாட்டைக் கொடுத்து, பால்டிக் கரைத் தானியத்தை வாங்கியே அந்நகரம் உண்டது. 1360 அளவில் ஹன்சா என்ற ஜேர்மன் வணிகக் கூட்டு அங்கு தன் பணியகத்தை நிறுவிக்கொண்டது. தானியத்தைக் கொண்டுவந்தவர்களின் கையிலேயே வணிகத்தின் பிடியும் இருந்தது.

ஷோக் விவசாயிகளோ மலையருவிகளை மரப்பீலிகளில் இறக்கி, பல நூற்றாண்டுகளாகப் பார்லி விளைவித்தார்கள்.

வன்னியில் குளம் கட்டியவர்களுக்கும் யாழ்ப்பாணத்தில் துலா மிதித்தவர்களுக்கும் இது புதிதல்ல. போரில் ஊர்கள் இடம்பெயர்ந்தபோது, பார்ப்பாரின்றிக் குளங்கள் தூர்ந்தன. மழை நாட்டில் மனிதர் போனாலும் மழை பெய்யும். வரண்ட நிலத்தில் மனிதர் போனால், அவர்கள் தேக்கிய நீரும் போய்விடும். நாம் விட்டுவந்தது அத்தகைய நிலம்.