விதை சொன்ன கணக்கு

"விதை எப்படியோ, விளைவும் அப்படியே!"

புதுக்கோட்டையை அடுத்த சிற்றூர் ஒன்றின் தேநீர்க் கடையில், பெரியவர் ஒருவர் என் மாணவனிடம் கூறிய சொல் இது. ஆடு மேய்ப்பவரின் மகன் அவன். அவன் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் முதல் பிள்ளை. கல்லூரிக்குச் செல்லப்போவதாகச் சொன்னான். அதற்குக் கிடைத்த வாழ்த்துரை இதுதான்! பையன் தலைகுனிந்தான்.

பிறப்பே எல்லாம் என்பதற்கு முன்பு சாத்திரத்தைச் சான்று காட்டினர். இப்போது விதையைக் காட்டுகின்றனர். நல்லது! விதையையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம் தோழர்களே. அது என்ன சொல்கிறதென்று கேட்போம்.

இன்று செக் நாட்டில் உள்ள பர்னோ நகரம், அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்தது. அங்கிருந்த கிறித்தவ மடத்தில், உழவர் குடியில் பிறந்த கிரிகோர் மெண்டல் என்னும் துறவி, 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் விளைந்தவை யாவும் உருண்டை. சுருக்கம் ஒழிந்ததோ? இல்லை! அந்த உருண்டை விதைகளை விதைத்து, தம்முள்ளேயே மகரந்தம் சேரவிட்டார். 7,324 விதைகள் கிடைத்தன. ஒவ்வொன்றாக எண்ணினார். உருண்டை 5,474, சுருக்கம் 1,850. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று!

காரணம் என்ன? ஒவ்வொரு பண்புக்கும் செடியினுள் இரு கூறுகள் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஓங்கு கூறு வெளியே தெரியும், ஒடுங்கு கூறு மறைந்திருக்கும், அழியாது. வகுப்பில் இதை நான் காட்டுவதுண்டு. இரு பானைகளில் உளுந்தையும் பச்சைப்பயறையும் சம அளவில் கலந்து வைப்பேன். கண்ணை மூடி, பானைக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். நூறு முறை எடுத்தால், இரண்டும் பச்சையாய் வருவது ஏறக்குறைய 25 முறை. உளுந்து ஓங்கு கூறென்றால், பச்சை தன்னைக் காட்டுவது அப்போது மட்டுமே.

மெண்டல் அத்துடன் நிற்கவில்லை; நிறத்தையும் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தார். 556 விதைகளில் மஞ்சள் உருண்டை 315, பச்சை உருண்டை 108, மஞ்சள் சுருக்கம் 101, பச்சைச் சுருக்கம் 32. நிறம் ஒரு வழி, வடிவம் ஒரு வழி! நிறத்தைக் கண்டு வடிவத்தை முடிவு கட்ட இயலாது. எல்லாப் பண்புகளும் ஒரே மூட்டையாய்க் கட்டுண்டு வருவதில்லை.

1865இல் இதைக் கற்றோர் அவையில் படித்தார், 1866இல் அச்சேறியது. உலகம் செவிசாய்க்கவில்லை. 1884இல் அவர் மறைந்தார். 1900இல்தான் டி விரீஸ், கோரென்ஸ், செர்மாக் ஆகியோர் அந்த உண்மையை மீண்டும் கண்டனர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கரும்பைக் கரணை வெட்டி நடுகிறோம். அதற்கு முளைக்கும் விதையே இல்லையென நெடுங்காலம் நம்பினர். ஜாவாவிலும் பார்படோசிலும் ஆராய்ந்தோர் 1880களில் அந்த நம்பிக்கையை உடைத்தனர். கரும்பு நன்கு பூத்து விதை பிடிக்கும் ஊர் கோவை. அங்கே 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் எழுந்தது.

தடித்து இனிக்கும் கரும்புக்கு அறிவியலார் இட்ட பெயர் என்ன தெரியுமா? உயர்குடிக் கரும்பு! ஆனால் அந்த உயர்குடி, வட இந்தியக் குளிரில் செழிக்கவில்லை. பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற அவ்வகைக் கரும்பைக் காட்டு நாணலுடன் கலந்தனர். இனிப்பில்லாதது, களையென ஒதுக்கப்பட்டது அந்த நாணல். இனிமையை ஒன்று தந்தது. தாங்கும் வலிமையை மற்றொன்று தந்தது. 1918இல் 'கோ 205' பிறந்து, பஞ்சாப் உழவர் கைக்குச் சென்றது.

அதே நிலையத்தில் 1934இல் பணியேற்றார் ஜானகி அம்மாள். தலைச்சேரியில் 1897இல் பிறந்தவர். சாதி ஏணியில் அந்நாளில் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்ட தீயர் குடியினர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றவர். கரும்பை மக்காச்சோளத்துடனும் கலந்து ஆராய்ந்தார். டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் கணக்கை 1945இல் நூலாக்கினார். எந்த 'விதை' இது, பெரியவரே?

கரும்பைக் காட்டி மனிதருக்குச் சட்டம் எழுதுவது என் நோக்கமன்று. மரபு உண்டு, மறுப்பவர் அறிவியல் அறியாதவர். ஆனால் கல்வி பட்டாணியின் சுருக்கம் அன்று, ஒற்றைக் கூறு வந்து முடிவு கட்டிவிட. மேலும், ஒரே விதை வானம் பார்த்த புன்செயில் ஒரு விளைச்சலையும், நீர் பாய்ந்த வயலில் வேறொரு விளைச்சலையும் தருவதை நம் மாவட்டத்து உழவர் அறிவர். தலைமுறைகளாய் நீரை மறித்துவிட்டு, விதையைப் பழிப்பது என்ன நீதி?

நம் வம்பனில் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உளுந்தில் புது வகைகளை உருவாக்குவோர் அங்கே விதையின் குலத்தைக் கேட்பதில்லை. கலந்து, விதைத்து, விளைந்ததை எண்ணுகின்றனர்.

மறுநாள் அந்த மாணவனைப் பானைகளின் முன் நிறுத்தினேன். நூறு முறை எடுத்தான். இரண்டும் பச்சையாய் வந்தவை 27. "பெரியவர் எத்தனை முறை எண்ணினாராம், ஐயா?" என்று கேட்டான்.

எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள். கணக்கிடுதல் ஒன்று, சிந்தித்தல் மற்றொன்று. இரண்டையும் செய்யாதவர்தாம் பிறப்பின் பெயரால் தீர்ப்பு வழங்குகின்றனர். நாம் எண்ணுவோம்!