ஆலங்காயத்து ஆகாயமும் பேசும் விமானமும்

ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்திலே, இரவில் திண்ணையில் அமர்ந்து காவலூர் வானாய்வகத்தின் திசையை நோக்குகிறவனுக்கு, நட்சத்திரங்களினூடே சிவப்பும் பச்சையுமாய் நகரும் ஆகாய விமானங்கள் மௌன விரதம் பூண்டவை போலவே தோன்றும்; உண்மையில் அவை ஓயாது தரையோடு சம்பாஷிக்கின்றன.

மௌனமாகவே பறந்த காலமும் உண்டு. 1932 அக்டோபரில் டாட்டாவின் தபால் விமானத்தைப் பம்பாயிலிருந்து பல்லாரி மார்க்கமாகச் சென்னைக்கு ஓட்டிவந்த நெவில் வின்சென்ட், ரேடியோவே இல்லாத ‘புஸ் மாத்’ ரகச் சிறு விமானத்தில், கண்ணையும் திசைகாட்டியையுமே நம்பி வந்தார். ஆனால் அதற்கு முன்பே நெரிசல் கண்ட லண்டன் கிராய்டன் விமான நிலையத்தில், வானொலி அதிகாரி மாக்ஃபோர்டு, பாரிஸ் மார்க்க விமானங்களை உத்தேசித்து, ‘எனக்கு உதவுங்கள்’ என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைத் தழுவி ‘மேடே’ என்ற அபயக்குரலை வகுத்திருந்தார்.

பின்னர் உச்சரிப்பே ஒரு சாஸ்திரமாயிற்று. இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றுபோலக் கேட்குமாதலால் ஒன்பது ‘நைனர்’ ஆனது. ஆல்ஃபா, பிராவோ முதலான எழுத்துப் பெயர்கள் 1956-இல் அமலுக்கு வந்தன. மீனம்பாக்கத்தில் சென்னை ஃப்ளையிங் கிளப்பின் சிறு விமானத்தில் பயின்ற மாணவனும், பெரும் விமானத்தின் கேப்டனும், இவ்விஷயத்தில் சமமே: கட்டளையைக் கேட்டதும் அதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். அதற்கும் முறை காத்திருத்தல் அவசியம். ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே க்ஷணத்தில் பேசும் பொத்தானை அழுத்திவிட்டால், இருவர் வார்த்தையும் கெட்டு, கீச்சென்ற ஓசையே மிஞ்சும்.