சற்புத்திர மார்க்கம்

சைவ சித்தாந்தம் கூறும் நான்கு நெறிகளுள் இரண்டாவது. இறைவனைத் தந்தையாகக் கொண்டு, நன்மகனாய் வாழ்தல். கிரியை எனவும் வழங்கும். மலர், தூபம், தீபம் கொண்டு செய்யும் புறவழிபாடும் நெஞ்சுக்குள் செய்யும் பூசையும் இதில் அடங்கும். பயன் சாமீபம், அதாவது இறைவன் அருகிருத்தல். திருமந்திரத்தின் ஐந்தாம் தந்திரம் இதை விளக்குகிறது.

இறைவனுக்குப் பிள்ளையான பின்னும் உயிரிடம் தீமை ஏன் தொடர்கிறது? அதற்குக் காரணம் ஆணவம் என்னும் மலம்; அது உயிரோடு அநாதியாக ஒட்டியது. செம்பில் களிம்பு போன்றது. முத்தியிலும் அது அழிவதில்லை, அதன் வலிமையே அடங்கும் என்கிறது சித்தாந்தம். தீமையை மறைக்காத நேர்மையான விடை இது.

சற்புத்திர மார்க்கத்துக்கு எடுத்துக்காட்டு, மூன்று வயதில் சீர்காழியில் உமையம்மையிடம் ஞானப்பால் உண்ட திருஞானசம்பந்தர் (7ஆம் நூற்றாண்டு).