குழந்தை இலக்கியத்தில் அச்சம்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேயும் புலியும் திருடனும் கொடுங்கோல் மன்னனும் உலவும் பாட்டி கதைகளைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இப்பகுப்பு வியப்பளிக்காது. ஆயினும், குழந்தை நூல்களில் அஞ்சத்தக்கவற்றைக் கூறலாமா என்னும் வினா இன்றும் எழுகின்றது. இதற்கு விடை தேடுவோர் தகடூரிலிருந்தே தொடங்கலாம்.

தகடூர் இன்றைய தருமபுரி. போர்க்கோலம் களையாமலே தன் மகனைக் காண வந்த அதியமான் நெடுமான் அஞ்சியை ஒளவையார் புறநானூற்று 100ஆம் பாடலில் காட்டுகிறார். பகைவரை நோக்கிச் சிவந்த கண்கள், மகனை நோக்கிய பின்னும் சிவப்பு நீங்கவில்லை. குழந்தையின் முன் போர் வந்து நிற்பதை அவர் மறைக்கவில்லை.

46ஆம் பாடல் இதனினும் கொடிய சூழலுக்குரியது. சோழன் கிள்ளிவளவன், மலையமானின் மக்களை யானைக்கு இட முற்பட்டான். யானையைக் கண்ட சிறுவர் அழுகையை மறந்தனர். அறியாத மன்றத்தைக் கண்டே மருண்டனர். குழந்தை எதற்கு அஞ்சும் என்பதைக் கோவூர்கிழார் எத்துணை நுட்பமாக உணர்ந்துள்ளார்! அவர் பாடி அவர்களை உய்யக்கொண்டார் என்கிறது பாடலின் பழங்குறிப்பு.

இவ்விரண்டும் குழந்தைகளைப் பற்றியவை, குழந்தைகளுக்கெனப் பாடப்பட்டவையல்ல. குழந்தையை முன்னிறுத்திப் பாடும் நெறி 9ஆம் நூற்றாண்டுப் பெரியாழ்வாரிடம் விரிவு பெற்றது. அவர் பாடிய ‘அப்பூச்சி காட்டுதல்’ பிறரை அச்சுறுத்தும் பிள்ளை விளையாட்டு. பாரதப் போரின் நினைவும் அதனுள் இடம்பெறுகிறது; ஆனால் அச்சுறுத்துவது குழந்தை, அஞ்சுவோர் பெரியோர்.

பின்வந்த பிள்ளைத்தமிழின் காப்புப் பருவத்தில் தெய்வங்களின் கொலைத்தொழிலைப் பாடலாகாது எனப் பாட்டியலார் வரையறுத்தனர். அம்புலிப் பருவத்திலோ தண்டம் உண்டு. ஆயின் மிரட்டப்படுவது விளையாட வர மறுக்கும் நிலவே. அச்சம் விலக்கப்படவில்லை, குழந்தையைத் தாக்காத இடத்திற்கு மாற்றப்பட்டது.

தீயோரைக் கண்டு அஞ்சலாகாது எனப் பாரதியார் பாப்பாவுக்குக் கூறும்போது, தீயோர் உலகில் உண்டு என்பதையும் உணர்த்திவிடுகிறார். அதனைச் சொல்வது பாப்பாவை அன்போடு விளிக்கும் குரல். அச்சத்தைக் காட்டுக, ஆனால் குழந்தையை அதனிடம் தனியே விட்டுவிடாதிருக்க என்பதே இம்மரபு உணர்த்தும் நெறி. 1950இல் அழ. வள்ளியப்பா முதலியோர் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியபின் தனித்துறையாக வளர்ந்த குழந்தை இலக்கியத்திற்கும் இந்நெறி பொருந்தும்.

பென்னாகரம், பாலக்கோடு வனப்பகுதிகளை ஒட்டிய ஊர்களில் இரவில் யானை வயலுக்கு வருவதைக் குழந்தைகள் அறிவர். யானையை நீக்கிவிட்ட கதை அவர்களுக்குத் துணையாகாது. யானையும் இருக்கட்டும், அதன்முன் நிற்கும் சிறுவர்க்காகப் பேச ஒரு கோவூர்கிழாரும் கதைக்குள் இருத்தல் வேண்டும். அக்குரலைப் படைப்பது கவிஞர் கடன்.