பஜாஜ் – டிவிஎஸ் காப்புரிமை வழக்கு

பஜாஜ் – டிவிஎஸ் காப்புரிமை வழக்கு என்பது புனேயின் பஜாஜ் ஆட்டோ நிறுவனத்துக்கும் சென்னையின் டிவிஎஸ் மோட்டார் நிறுவனத்துக்கும் இடையே, இரண்டு ஸ்பார்க் பிளக் கொண்ட மோட்டார் சைக்கிள் இன்ஜின் குறித்து 2007 முதல் 2019 வரை நடந்த வழக்குத் தொடர். போட்டி நிறுவனங்களின் காப்புரிமை வழக்குகள் புத்தாக்கத்தைத் தடுக்கின்றனவா என்ற கேள்விக்கு இந்தியாவில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது.

பின்னணி

இந்திய இருசக்கர வாகனத் தொழில் வெளிநாட்டு நுட்பத்தை உரிமம் பெற்று வளர்ந்தது. 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா, ஆங்கிலேய நிறுவனத்தின் கூட்டோடு வடசென்னையின் திருவொற்றியூரில் புல்லட் தயாரித்தது. டிவிஎஸ் சுசுகியோடும் பஜாஜ் கவாசாகியோடும் கூட்டு வைத்திருந்தன. 2001இல் சுசுகியைப் பிரிந்த டிவிஎஸ் சொந்த ஆராய்ச்சியில் இறங்கியது. 2003இல் பஜாஜின் பல்சர் இரட்டை பிளக் இன்ஜினோடு வந்தது. சிறிய சிலிண்டரில் இரு இடங்களில் தீப்பொறி எழுவதால் எரிபொருள் விரைவாகவும் சீராகவும் எரியும். 2002 ஜூலையில் விண்ணப்பித்த இந்த அமைப்புக்கு 2005இல் காப்புரிமை எண் 195904 கிடைத்தது.

வழக்கின் போக்கு

2007இல் டிவிஎஸ், 125 சிசி ‘ஃபிளேம்’ வண்டியை அறிவித்தது. அதிலும் இரண்டு பிளக். ஆனால் வால்வுகள் மூன்று. காப்புரிமையை ரத்துசெய்யக் கோரி சென்னையிலிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தை டிவிஎஸ் அணுகியது. பஜாஜ் ஆதாரமின்றி மிரட்டுகிறது என்று டிவிஎஸ்ஸும், டிவிஎஸ் காப்புரிமையை மீறுகிறது என்று பஜாஜும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி இரட்டை பிளக் வண்டிக்கு இடைக்காலத் தடை விதித்தார். ஃபிளேம் ஒற்றை பிளக்கோடு விற்பனைக்கு வந்தது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது.

பஜாஜ் மேல்முறையீடு செய்ய, 2009 செப்டம்பர் 16இல் உச்ச நீதிமன்றம், டிவிஎஸ் விற்பனையைத் தொடரலாம், ஆனால் கணக்கு வைக்க வேண்டும் என்றது. நவம்பர் 30க்குள் வழக்கை முடிக்கவும் பணித்தது. அறிவுசார் சொத்து வழக்குகளை நாள்தோறும் விசாரித்து, இயல்பாக நான்கு மாதங்களில் தீர்க்க வேண்டும் என்றும் கூறியது. ஆயினும் வழக்கு 2019இல்தான், இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டபோது முடிந்தது. உரிமை மீறல் நடந்ததா என்பதற்கு இறுதித் தீர்ப்பு வரவில்லை.

புத்தாக்கத்தின் மீதான விளைவு

காப்புரிமை பெறுபவர் தம் கண்டுபிடிப்பின் விவரத்தை ஊரறிய எழுதித் தர வேண்டும். அதற்கு ஈடாகவே 20 ஆண்டுத் தனியுரிமை. அந்த உரிமையை நீதிமன்றத்தில் காக்க முடியாதென்றால் ஆராய்ச்சிக்குப் பணம் போட எவரும் துணிய மாட்டார்கள். மறுபுறம், விசாரணைக்கு முன்பே வரும் தடை, வேறு வழியில் முயன்ற பொறியாளரின் உழைப்பையும் முடக்கிவிடும். அமெரிக்காவில் ரைட் சகோதரர்களின் காப்புரிமைச் சச்சரவு, 1917இல் விமான நிறுவனங்கள் காப்புரிமைகளைப் பொதுத் தொகுப்பாக்கிய பின்னரே ஓய்ந்தது. ஆப்பிள் – சாம்சங் வழக்கு 2011 முதல் 2018 வரை இழுபட்டுச் சமரசத்தில் முடிந்தது.

மதிப்பீடு

2022இல் காலாவதியாகவிருந்த காப்புரிமையின் 12 ஆண்டுகள் வழக்கிலேயே கழிந்தன. கண்டுபிடித்தவருக்கு உறுதியும் இல்லை, போட்டியாளருக்குத் தெளிவும் இல்லை. புத்தாக்கத்துக்குத் தடையாக நின்றது வழக்கு அன்று, அதன் தாமதமே. 2021இல் மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்டது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது.